சாம்பியன் குதிரையும் அடிமாடும்

1987-ல் அமெரிக்காவில் ஓடிய குதிரைகளிலேயே இதுதான் முதல் குதிரை என்று ஒரு குதிரைக்குப் பட்டம் கொடுத்தார்கள். பேர் பெர்டினாண்ட். ஓட்டத்தில் மட்டும் அது சம்பாதித்துக் கொடுத்த பணம் 37 லட்சத்து 77 ஆயிரம் டாலருக்கு மேல். பதினைந்து வருஷம் கழித்து, 2002-ல், ஜப்பானில் அதைக் கசாப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது அதற்கு வயசு 19. எங்க பாஷையில் சொன்னால் அடிமாடாகப் போய்விட்டது.

குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரைகளை நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. ஆனால் வயசான பண்டத்தை என்ன செய்வது என்ற கேள்வி இருக்கிறதே, அது கட்டுத்தரையில் நாலு உருப்படி கட்டியிருக்கிற எல்லாருக்கும் வீட்டுக் கேள்வி. ஊருக்கு வருகிற நகரத்து நண்பர்கள் தவறாமல் கேட்பார்கள்: "இத்தனை வருஷம் பால் கறந்த மாட்டை வியாபாரி கையில பிடிச்சுக் கொடுக்க எப்படிங்க மனசு வருது?" நாங்களும் தவறாமல் ஒரே பதிலைச் சொல்வோம். "கட்டுப்படி ஆகலைங்க." தீவன விலை, தட்டு விலை, ஆள் கூலி எல்லாம் சொல்வோம். அதெல்லாம் பொய் இல்லை. ஆனால் அது பாதிப் பதில்தான். பணம் கொட்டிக் கிடந்த இடத்திலும் இதேதான் நடந்தது என்பதற்குப் பெர்டினாண்ட் சாட்சி.

பிறந்தது 1983 மார்ச் மாசம். செம்பட்டை நிறம். தகப்பன் நிஜின்ஸ்கி, 1970-ல் இங்கிலாந்தின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே வருஷத்தில் ஜெயித்த குதிரை. தாய் பஞ்ஜா லூகா. சொந்தக்காரர் எலிசபெத் கெக், பெட்ரோலிய எண்ணெய்த் தொழிலில் பெரும் பணம் பார்த்த குடும்பம். வம்சத்திலும் குறையில்லை, வந்து பிறந்த இடத்திலும் குறையில்லை.

இந்தப் பந்தயக் குதிரை இனத்துக்குத் தரோபிரெட் என்று பேர். இன்றைக்கு உலகத்தில் எங்கே ஒரு தரோபிரெட் ஓடினாலும், அதன் ஆண்வழியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் சுமார் 300 வருஷத்துக்கு முன்னால் கிழக்கே இருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன மூன்று பொலிகுதிரைகளில் ஒன்றில் போய் நிற்கும். ஒவ்வொரு குட்டிக்கும் வம்சாவளிப் பதிவு உண்டு. மாடு வளர்க்கிறவர்களுக்கு ஆச்சரியமான சங்கதி ஒன்று: இந்த இனத்தில் சினை ஊசியே கிடையாது. ஊசி போட்டுப் பிறந்த குட்டியைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றமாட்டார்கள். இன்றைக்கு எங்க ஊரில் பொலிகாளையைக் கண்ணால் பார்க்காத கிடேரிகள்தான் அதிகம். அங்கே அப்படி இல்லை. நேரடியாகச் சேர்த்தால்தான் செல்லும். அதனால்தான் ஜெயித்த ஆண் குதிரைக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. குதிரை ஓடிச் சம்பாதிப்பது ஒரு பங்கு என்றால், ஓட்டம் நின்ற பிறகு பொலிக்கு நின்று சம்பாதிப்பது அதைவிடப் பெரிய பங்காகக்கூட இருக்கும்.

பெர்டினாண்டைப் பழக்கியவர் சார்லி விட்டிங்ஹாம். கலிபோர்னியாக்காரர், வழுக்கைத் தலை, பொறுமைசாலி. குதிரையை அவசரப்படுத்தி முறிக்கமாட்டார் என்று பேர் எடுத்தவர். அமெரிக்காவில் மூன்று வயசுக் குதிரைகளுக்கான கென்டக்கி டெர்பிதான் பெரிய பந்தயம். ஜெயிக்கிற குதிரை கையில் இல்லாமல் அங்கே போகிறதில்லை என்று அவர் இருபத்தைந்து வருஷம் போல ஒதுங்கியே இருந்தார். 1986-ல் 73 வயசில் பெர்டினாண்டைப் பிடித்துக்கொண்டு போனார். சவாரிக்கு பில் ஷூமேக்கர், வயசு 54. குறைமாசத்தில் பிறந்து, பிழைக்காது என்று கைவிட்ட குழந்தையைச் செருப்பு டப்பாவில் வைத்து அடுப்புச் சூட்டில் காப்பாற்றினார்கள் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஆள் ஐந்தடி உயரம்கூட இல்லை. இந்தக் கிழவர்கள் இரண்டு பேரும் ஜெயிப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பெர்டினாண்டுக்குப் பந்தய விலை ஒன்றுக்குப் பதினேழு.

அந்தப் பந்தயத்தின் வீடியோ இணையத்தில் கிடைக்கிறது. ஒருதரம் பாருங்கள், இரண்டு நிமிஷம்தான். 1986 மே 3, லூயிவில் நகரத்துச் சர்ச்சில் டவுன்ஸ் மைதானம். 16 குதிரைகள். பெர்டினாண்டுக்குக் கிடைத்தது முதல் கட்டம், அதாவது உள்வேலியை ஒட்டினது. கதவு திறந்ததும் பக்கத்துக் குதிரைகள் எல்லாம் வேலியைப் பார்த்து நெருக்க, இதற்கு மூச்சுவிட இடமில்லாமல் போய், கடைசிக் குதிரையாகப் பின்தங்கிவிடும். வேறு சவாரிக்காரராக இருந்தால் பதறியடித்துச் சாட்டையை எடுத்திருப்பார். ஷூமேக்கர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார். எதிர்ப்பக்கத்து ஓட்டத்தில் ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசித் திருப்பம் தாண்டினதும், முன்னால் போகிற கூட்டத்தில் வேலியோரமாக ஒரு சந்து தெரியும். அந்தச் சந்துக்குள்ளே குதிரையைத் திருப்புகிறார் பாருங்கள், வாய்க்கால் மடை திறந்த மாதிரி ஒரு பாய்ச்சல். இரண்டேகால் குதிரை நீளத்தில் வெற்றி. டெர்பி ஜெயித்தவர்களிலேயே வயசான சவாரிக்காரர் என்ற பேர் அன்றைக்கு ஷூமேக்கருக்குக் கிடைத்தது.

அதற்கப்புறம் நேரே மேலே போய்விடவில்லை. ப்ரீக்னஸ் பந்தயத்தில் இரண்டாவது, பெல்மான்ட்டில் மூன்றாவது. அதிர்ஷ்டத்தில் ஜெயித்த குதிரை என்றுகூடப் பேச்சு கிளம்பியது. ஒரு குணம் அதற்கு. முன்னால் குதிரை ஓடினால் துரத்தும். முதலாவதாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று தளர்ந்துவிடும். ஏர் உழுத காலத்து ஆட்களுக்கு இந்த ரகம் நல்லாவே தெரியும். சோடி எருது முன்னே இழுத்தால்தான் இதுவும் இழுக்கும். மோசமான பண்டம் இல்லை, கணக்குத் தெரிந்த பண்டம். அதற்கேற்ற மாதிரி ஓட்டத் தெரிய வேண்டும். ஷூமேக்கருக்குத் தெரிந்திருந்தது.

1987 நவம்பர், கலிபோர்னியா ஹாலிவுட் பார்க் மைதானம், பிரீடர்ஸ் கப் கிளாசிக். பரிசு 30 லட்சம் டாலர். எதிரே நிற்பது அந்த வருஷத்து டெர்பி ஜெயித்த அலிஷீபா. பெர்டினாண்டைக் கடைசி வரைக்கும் அடக்கி வைத்து, முடிகிற நேரத்தில்தான் முன்னால் விட்டார் ஷூமேக்கர். அலிஷீபா வெளிப்பக்கமாகப் பாய்ந்து வந்தது. மூக்கு நுனி வித்தியாசத்தில் பெர்டினாண்ட் ஜெயித்தது. அந்த வருஷத்தின் சிறந்த குதிரை என்ற பட்டம் அதில்தான் வந்தது. அடுத்த வருஷம் அலிஷீபா திருப்பிக் கொடுத்தது, அது வேறு கதை. மொத்தம் 29 ஓட்டம், 8 வெற்றி, 9 இரண்டாமிடம், 6 மூன்றாமிடம்.

ஐந்து வயசோடு ஓட்டம் நின்றது. குதிரை நல்லபடியாக இருந்தால் இருபத்தைந்து வயசு தாண்டி வாழும். அப்படியானால் உலகத்துக்குத் தெரிந்த வாழ்க்கை முடிந்தபோது அதன் ஆயுசில் கால்பங்குதான் போயிருந்தது. பாக்கி முக்கால் பங்கைப் பற்றித்தான் நான் பேச வந்தது.

1989-ல் கென்டக்கியில் கிளெய்போர்ன் பண்ணையில் பொலிக்கு விட்டார்கள். தகப்பன் நிஜின்ஸ்கியும் அங்கேதான் நின்றது. அமெரிக்காவே கொண்டாடின செக்ரடேரியட் குதிரையும் அங்கேதான். பெர்டினாண்ட் போன அதே வருஷம் அக்டோபரில் செக்ரடேரியட் செத்தது. பந்தயக் குதிரை செத்தால் தலை, இதயம், குளம்பு மட்டும் புதைப்பது அங்கே வழக்கம். செக்ரடேரியட்டை மரியாதைக்காக முழு உடம்போடு பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். பெர்டினாண்ட் வாழ்ந்த பண்ணையின் மண்ணில்தான் அந்தச் சமாதி இருக்கிறது.

பெர்டினாண்டின் பொலிக் கூலி ஆரம்பத்தில் குட்டி ஒன்றுக்கு 30 ஆயிரம் டாலர். ஆனால் குட்டிகள் ஓடவில்லை. புல் இன் தி ஹெதர் என்று ஒன்று 1993-ல் புளோரிடா டெர்பி ஜெயித்தது. மற்றபடி சொல்லிக்கொள்கிற மாதிரி பெரிதாக இல்லை. தான் ஓடுவது வேறு, ஓடுகிற குட்டி போடுவது வேறு. எங்க அப்பாரு சொல்வார், "நல்ல காளைக்கெல்லாம் நல்ல கன்னு பொறந்துட்டா அப்பறம் சாமி எதுக்கு" என்று. 1994-ல் பெர்டினாண்டை ஜப்பானுக்கு, ஹொக்கைடோ தீவில் ஒரு பொலிப் பண்ணைக்கு விற்றுவிட்டார்கள். அங்கே முதல் வருஷம் 77 பெண் குதிரைகளோடு சேர்த்தார்கள். கடைசி வருஷம் வெறும் 10. அதற்குப் பிறகு ஒரு குதிரைத் தரகர் கைக்குப் போனது. அங்கிருந்து கசாப்பு.

நடந்தது ஒரு வருஷம் வரைக்கும் வெளியே தெரியவே இல்லை. பார்பரா பேயர் என்ற பத்திரிகைக்காரர் தேடிப் போய், 2003-ல் பிளட்ஹார்ஸ் என்ற குதிரைப் பத்திரிகையில் எழுதினார். முதலில் அவருக்குக் கிடைத்த பதில், சவாரிப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டோம் என்பது. துருவிக் கேட்ட பிறகுதான் அப்புறப்படுத்தியாகிவிட்டது என்று வந்தது. ஜப்பானில் பராமரித்த ஆட்களையும் அவர் பார்த்துப் பேசினார். அத்தனை சாது, கூப்பிட்டால் பக்கத்தில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த வரியைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கூப்பிட்டால் வருகிற பண்டத்தை வண்டியில் ஏற்றுவது ரொம்பச் சுலபம். முரட்டுப் பண்டத்துக்காவது நாலு ஆள் வேண்டும்.

செய்தி வெளியானதும் அமெரிக்காவில் ஜனங்கள் கொதித்துப் போனார்கள். ஜப்பான்காரர்களுக்கு மனசே இல்லை என்று ஒரு பேச்சு. இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அதே 2002-ல் அமெரிக்காவிலேயே டெக்சாஸில் குதிரைக் கசாப்புக் கூடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வருஷத்துக்குப் பல ஆயிரம் குதிரைகள் அங்கே அறுபட்டு, கறி வெளிநாட்டுக்குப் போனது. 2007-ல்தான் அவை மூடின. மூடின பிறகும் உயிரோடு லாரியில் ஏற்றி கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் அனுப்புவது நடந்தது. நம்ம ஊரில் அடிமாடு எல்லை தாண்டிப் போகிற மாதிரிதான். ஊருக்கு ஊர் சட்டம் மாறும், லாரி போகிற திசை மாறும், அவ்வளவுதான்.

ஜப்பான்காரர்களைப் பற்றிப் பேசினால் சண்டே சைலன்ஸ் குதிரையைப் பற்றியும் பேச வேண்டும். அதையும் பழக்கியவர் இதே விட்டிங்ஹாம்தான். 1989-ல் அதுவும் டெர்பி ஜெயித்தது, பிரீடர்ஸ் கப் கிளாசிக் ஜெயித்தது, வருஷத்தின் சிறந்த குதிரை ஆனது. பெர்டினாண்ட் வாங்கிய அதே மூன்று பேரும் அதுவும் வாங்கியது. வம்சம் சரியில்லை, கால் அமைப்பு சரியில்லை என்று அமெரிக்கப் பொலிப் பண்ணைக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். ஜப்பான்காரர் ஒருத்தர் வாங்கிக் கொண்டுபோனார். அதுவும் ஹொக்கைடோவுக்கே. அதன் குட்டிகள் அந்த நாட்டுப் பந்தயத்தையே தலைகீழாக மாற்றிவிட்டன. பதின்மூன்று வருஷம் தொடர்ந்து அங்கே முதல் பொலிகுதிரை அதுதான். அதுவும் செத்தது 2002-ல். காலில் நோய் வந்தபோது மருத்துவர்கள் கூடவே இருந்து பார்த்தார்கள். செத்தபோது குதிரை உலகமே துக்கம் கொண்டாடியது.

ஒரே ஆள் பழக்கிய இரண்டு குதிரைகள். ஒரே பட்டங்கள். ஒரே தீவு. செத்த வருஷமும் ஒன்று. ஒன்றுக்குச் சமாதி, ஒன்றுக்குக் கத்தி. நடுவில் உள்ள வித்தியாசம் குட்டிகள் ஓடினதும் ஓடாததும்தான். இதில் மனசு எங்கே வந்தது, கணக்குத்தானே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விட்டிங்ஹாம் பழக்கி, ஷூமேக்கர் ஓட்டிய இன்னொரு குதிரை எக்ஸெல்லர். 1978-ல் ஒரே பந்தயத்தில் சியாட்டில் ஸ்லூ, அஃபர்ம்டு என்ற இரண்டு மூன்று-கிரீடக் குதிரைகளையும் தோற்கடித்தது. இன்றைக்கு வரைக்கும் அப்படிச் செய்தது அது மட்டும்தான். அதுவும் பொலிக்கு ஆகாமல் கைமாறிக் கைமாறி ஸ்வீடன் போய், 1997-ல் 24 வயசில் அங்கே கசாப்பில் முடிந்தது. ஆக ஜப்பான், அமெரிக்கா, ஸ்வீடன் என்று நாட்டுப் பேரில் பழி போட்டுப் பிரயோஜனமில்லை.

என் அபிப்பிராயம் இதுதான். பண்டம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது விலை மட்டும்தான் போகிறது. பழைய கடன் கூடப் போகிறதில்லை. வியாழக்கிழமை கருங்கல்பாளையம் சந்தையில் துண்டுக்குள் கையைவிட்டு விரல் பிடித்துப் பேசுவார்களே, அந்தத் துண்டுக்குள் இத்தனை ஈத்து ஈன்றது, இத்தனை ஆயிரம் லிட்டர் கறந்தது என்ற கணக்குக்கு விரலே கிடையாது. இனிமேல் என்ன கிடைக்கும் என்பதற்குத்தான் விலை. பெர்டினாண்டை ஓட்டியவர், பொலிக்கு விட்டவர், ஜப்பானில் வாங்கியவர், தரகர் என்று ஒவ்வொருவரும் தன் கையில் இருந்தவரைக்கும் ஒழுங்காகத்தான் தீனி போட்டார்கள். கடைசிக் கையைக் கொலைகாரன் என்கிறோம். அந்தக் கை 37 லட்சம் டாலரில் ஒரு சல்லி பார்க்கவில்லை. பார்த்தவர்கள் வேறு.

ஏழை விவசாயியை இங்கே ஒப்பிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கறவை நின்ற மாடு ஒரு நாளைக்குத் தின்பது, பக்கத்தில் கறக்கிற மாட்டின் லாபத்திலிருந்துதான் வர வேண்டும். இரண்டு மாடு வைத்திருக்கிற வீட்டில் ஒன்று சும்மா நின்றால் பாதி வருமானம் போச்சு. கெக் குடும்பத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. ஒரே ஒரு குட்டிக்கு வாங்கிய பொலிக் கூலி 30 ஆயிரம் டாலரை அன்றைக்கே தனியாகப் போட்டு வைத்திருந்தால் அந்தக் குதிரையின் கிழட்டுக் காலத்தில் பெரும்பகுதி கழிந்திருக்கும். நூற்றில் ஒரு பங்கு ஒதுக்க எவருக்கும் தோன்றவில்லை. தோன்றும் என்று நம்பி உட்கார்ந்தால் தோன்றவும் தோன்றாது. பண்டம் சம்பாதிக்கிற காலத்திலேயே, அந்தச் சம்பாத்தியத்திலிருந்தே பிடித்து வைத்தால்தான் உண்டு.

அங்கே பிறகு அப்படி ஏதோ செய்யத்தான் செய்தார்கள். நியூயார்க்கில் குதிரை உடைமைக்காரர்கள் ஓட்டத்துக்கு இவ்வளவு என்று சின்னத் தொகை கொடுத்து ஓய்வுபெற்ற குதிரைகளுக்குச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பேரே பெர்டினாண்ட் கட்டணம். விற்கும்போதே, பொலி முடிந்தால் எங்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கிற வழக்கமும் கூடியது. இரக்கத்தைப் பற்றிப் பேசினதைவிட இந்த ஒரு வரிதான் அதிகக் குதிரைகளைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நம்ம பக்கம் வந்தால், நீங்கள் வாங்குகிற பால் பாக்கெட் விலையில் தீவனத்துக்கு, வண்டிக்கு, குளிர்சாதனத்துக்கு, கமிஷனுக்கு எல்லாம் பங்கு உண்டு. கிழட்டு மாட்டுக்குப் பங்கு கிடையாது. லிட்டருக்கு ஐம்பது காசு கூடக் கேட்டால் முதலில் சத்தம் போடுவது யார் என்று உங்களுக்கே தெரியும். நான் உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அடுத்த தடவை "மனசு எப்படிங்க வருது" என்று கேட்கும்போது, அந்தக் கேள்வியோடு ஐம்பது காசையும் சேர்த்துக் கேளுங்கள், பேசலாம் என்கிறேன். கூட்டுறவு வழியாகவோ வேறு வழியாகவோ அதைப் பிடித்து வைத்தால், எல்லா மாட்டையும் இல்லாவிட்டாலும், பத்தில் நாலைச் சாகும் வரை கட்டி வைக்க எங்களுக்கும் ஆசைதான்.

கென்டக்கியில் ஜார்ஜ்டவுன் என்ற ஊரில் ஓல்டு ஃப்ரெண்ட்ஸ் என்று ஒரு பண்ணை இருக்கிறது. பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த மைக்கேல் பிளோவன் என்பவர் 2003-ல் ஆரம்பித்தது. ஓட்டமும் பொலியும் முடிந்த குதிரைகளுக்கான இடம், ஜனங்கள் போய்க் காரட் கொடுத்துவிட்டு வரலாம். 1997-ல் டெர்பி ஜெயித்த சில்வர் சார்ம், ஜப்பானில் பொலிக்கு நின்றுவிட்டு 2014-ல் அங்கே திரும்பி வந்தது. அடுத்த வருஷம் வார் எம்ப்ளம் வந்தது. 2002 டெர்பி ஜெயித்த குதிரை. சண்டே சைலன்ஸ் இடத்துக்கு என்று ஜப்பான்காரர்கள் ஒரு கோடியே எழுபது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிப்போனார்கள். வாங்கிப்போன இடத்தில் அதற்குப் பெண் குதிரைகளின் மேல் நாட்டமே இல்லை. வருஷக்கணக்காக என்னென்னவோ செய்து பார்த்தும் குட்டிகள் ரொம்பக் குறைவுதான். அப்படியும் அதற்குத் தீனி போட்டு, வயசான பிறகு விமானத்தில் ஏற்றிக் கென்டக்கிக்கே அனுப்பி வைத்தார்கள். 2020-ல் அங்கேயே செத்தது.